சம்சாத் பேகம் சாப்பிட்ட ஞாயிறுகள்

மைதீன் பிச்சை தர வேண்டியிருந்தது முந்நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய். ராஜபாளையம் சோலைச்சாமிக்கு இருநூற்று ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானதுரைக்கு நூற்று ஐம்பத்தொன்று. இந்தக் கடன் ஏறிய நாளிலிருந்து அவன் ராஜபாளையத்தில் நின்று கிளாரினெட் ஊதினால் சத்தம் வில்லிபுத்தூரில் கேட்டது. வில்லிபுத்தூருக்குப் போய் ஊதினால் ராஜபாளையத்தில் கேட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே ஏழு மைல். பஸ்ஸுக்கு அப்போது எழுபத்தைந்து பைசா. சத்தத்துக்கு டிக்கெட் கிடையாது, உடனே போய்விடும். முதல் வாரம் ரெண்டு ஊரும் இதையே பேசியது. அடுத்த வாரம் பருத்தி விலை ஏறியதால் அதைப் பேசப் போய்விட்டது.

அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பகலில் பஞ்சுக் கிட்டங்கியில் லோடு ஏற்றுகிற வேலை. ஒரு பேல் நூற்று எழுபது கிலோ. இரண்டு பேர் கொக்கி போட்டு இழுக்க, மூன்றாவது ஆள் முதுகு கொடுக்க வேண்டும். அந்த மூன்றாவது முதுகு அவனுடையது. முகூர்த்த நாளில் கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டுச் சோலைச்சாமி பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுவான். பேல் சுமக்கிறவனுக்கு இம்புட்டு மூச்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "சுமக்கும்போது அமுக்கி வச்சதுதான் அண்ணாச்சி, இங்க வந்து அவுத்து விடுதேன்" என்பான். கூட லோடு ஏற்றும் பால்பாண்டிதான் அந்தச் செட்டில் பெரிய டிரம். பேலை இழுக்கும்போதும் இருவருக்கும் தாளம் பிசகாது.

பேண்டு செட்டுக்காரர்களிடம் எழுத்து, கையெழுத்து ஒன்றும் கிடையாது. செட்டு முதலாளி ஒரு வெற்றிலையில் ஒற்றைப்படையாகப் பணம் வைத்து நீட்டுவார். ஆள் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வெற்றிலையை அவர் கண் முன்னால் மெல்ல வேண்டும். மென்று விழுங்கிவிட்டால் அந்த மூச்சு அந்தச் செட்டுக்குச் சொந்தம். வாசித்துத்தான் கழிக்க வேண்டும், பணமாகத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். மெல்லாத வெற்றிலையைத் திருப்பி நீட்டலாம். மென்ற பிறகு, முதலாளியாகப் பார்த்து மனமிரங்கி ஆளின் கையிலிருந்து வேறொரு வெற்றிலையை வாங்கிக்கொண்டு "தீந்தது" என்று வாயால் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொன்னவரை மற்ற முதலாளிகள் ஏமாளி என்பார்கள். அதனால் யாரும் சொன்னதில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. செட்டுக்காரர்களுக்கு அது பசி மாதம். அதனால் ஆடி முதல் ஞாயிறன்று, இரண்டு ஊருக்கும் நடுவில் வற்றிக் கிடக்கிற ஆலடிக் கண்மாய்க்குள் எல்லாச் செட்டுகளும் கூடும். சேத்தூர் நையாண்டி மேளம், தளவாய்புரம் உருமி, செண்பகத்தோப்புப் பக்கத்துக் கொம்புக்காரர்கள், இரண்டு ஊர்ப் பேண்டு செட்டுகள். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் வந்து கேட்டுவிட்டு, பிடித்த செட்டுக்கு அங்கேயே அச்சாரம் கொடுத்துப் போவார்கள். காலையிலிருந்து செட்டு செட்டாக வாசிப்பு நடக்கும். வெயில் சாய்ந்த பிறகு கடைசியாகக் கூட்டு வாசிப்பு. அதற்கு ஒரு முறை இருந்தது. எல்லாரும் சரிகை வைத்த செட்டுக் கோட்டைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டுவிட்டுப் பனியனோடு வர வேண்டும். யார் பக்கத்தில் யாரும் நிற்கலாம். எடுத்துக் கொடுக்கத் தனி ஆள் கிடையாது. ஒருத்தன் எடுத்தால் இன்னொருத்தன் பிடிப்பான், நாதசுரம் விட்ட இடத்தில் டிரம்பெட் ஏறும், உருமி அதை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போகும். முதலாளிகளும் பனியனோடு நின்று வாசிப்பார்கள். அந்த நேரத்துக்கு யாரும் யாருக்கும் ஆள் இல்லை. அதில் வாசித்தது எந்தக் கடனிலும் கழியாது.

மைதீன் பிச்சைக்கும் சம்சாத் பேகத்துக்கும் ஒரே மகன், பீர் முகமது. பீரு என்பார்கள். சோறு இறங்காத பிள்ளை. அம்மா கையில் பிசைந்த சோறோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பான். ஒரு நாள் அவன் அத்தா மைதீன் பிச்சை கிளாரினெட்டைத் துடைத்துவிட்டுச் சரிபார்க்க மூன்று சுரம் ஊதினான். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நீளமாக ஒன்று. பீரு வாயைத் திறந்தான். அன்றிலிருந்து ஒரு வாய்ச் சோற்றுக்கு மூன்று சுரம். அவன் ஊத, அவள் ஊட்ட, பிள்ளை முழுங்கும். இப்படி ஒன்றரை வருசம் நடந்தது. 1982 வைகாசியில் பீருவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. வைத்தியச் செலவுக்குச் சோலைச்சாமி, முதலாளிகள் வெற்றிலை நீட்டுகிற ஆடி வரைக்கும் காத்திருக்காமல், இருநூற்று ஒரு ரூபாயை வெற்றிலையில் வைத்து நீட்டினார். மைதீன் பிச்சை ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த வெற்றிலையை மென்றான். நான்காம் நாள் பிள்ளை இறந்துபோனான். வயது மூன்று.

அதற்குப் பிறகு சம்சாத் பேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிடிவாதம் ஒன்றுமில்லை. பிசைவாள், வாயில் வைப்பாள், தொண்டை மூடிக்கொள்ளும். கஞ்சித் தண்ணீர் மட்டும் போனது. "இந்த வீட்டுல தட்டப் பாத்தா அவன் வாயிதான் மச்சான் தெரியுது. எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்களும் அங்க வந்துருங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லி அவளை வில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றினான். அவள் அம்மா மெகராஜ் பேகத்தின் வீடு இருந்த தெருவிலேயேதான் ஞானதுரை பேண்டு செட்டின் கொட்டகை இருந்தது.

அவன் போட்ட கணக்கு இதுதான். ஞானதுரையிடம் நூற்று ஐம்பத்தொன்று வாங்கி, கையிலிருக்கும் ஐம்பதைச் சேர்த்துச் சோலைச்சாமியிடம் நீட்டி, கெஞ்சி மனமிரங்கவைத்துக் கழன்றுகொள்ளலாம். முதலில் சோலைச்சாமியிடம் பேசிவிட்டுப் பிறகு மற்றவரிடம் போயிருக்க வேண்டும். ஆடி ஞாயிறு காலையில் கண்மாய்க்கரையில் ஞானதுரை முதலில் எதிர்ப்பட்டுவிட்டார். அவர் நீட்டிய வெற்றிலையை மென்று விழுங்கிய பிறகுதான் சோலைச்சாமியைத் தேடிப் போனான். அவர் இருநூற்றொரு ரூபாயைப் பார்த்தார், அவன் உதட்டுச் சிவப்பையும் பார்த்தார். "என் வெத்திலையும் ஒன் வயித்துல, அவம் வெத்திலையும் ஒன் வயித்துல. ரூவாய வச்சு நான் என்னல செய்ய? போயிக் கோட்ட மாட்டு" என்றார். அவன் ஞானதுரையிடம் திரும்பி ஓடினான். அவரும் வாங்கவில்லை. "மென்னதத் துப்பவா முடியும் பாய்? எங்கிட்ட வாங்கின மூச்ச எங்கிட்டத்தான் விடணும்" என்றார்.

அன்றைக்குச் சோலைச்சாமி செட்டு வரிசையில் சிவப்புக் கோட்டோடு நின்று அவன் ஊதினான். கிளாரினெட்டில் சத்தம் இல்லை. எதிரே இருநூறு அடி தள்ளி, நீலக் கோட்டுக்காரர்களின் வரிசையில், இரண்டு டிரம்பெட்டுக்கு நடுவே காலியாக இருந்த இடத்திலிருந்து அது கேட்டது. ரீடை மாற்றினான். அப்போதும் அங்கேதான் கேட்டது. ஆவணிக்கு மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த சுந்தரபாண்டியன் என்ற சம்சாரி, ஆள் இருக்கிற செட்டுக்கு அச்சாரம் கொடுக்கவா, சத்தம் இருக்கிற செட்டுக்குக் கொடுக்கவா என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். கூட்டு வாசிப்புக்குக் கோட்டைக் கழற்றியதும் சத்தம் திரும்ப வந்தது. பனியனோடு நின்று அரை மணி நேரம் தன் காதால் கேட்டு ஊதினான். முடிந்து கோட்டை மாட்டினான், மறுபடியும் போய்விட்டது. சோலைச்சாமி, ஆள் வந்தான், சத்தம் வரவில்லை, ஆகவே வாசிப்பு இல்லை, கடன் கழியாது என்றார். ஞானதுரை, சத்தம் வந்தது, ஆள் வரவில்லை, ஆகவே வாசிப்பு இல்லை, கடன் கழியாது என்றார். இரண்டும் நியாயம்தான் என்று கூடியிருந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. கிட்டங்கியில் மதியச் சோற்று மணி அடித்தது. பேல் அடுக்கின் நிழலில் மற்றவர்கள் தூக்குச்சட்டியைத் திறக்க, அவன் கிளாரினெட்டைத் திறந்து, கை பழக்கத்தில் அந்த மூன்று சுரத்தை ஊதினான். ஒன்றும் கேட்கவில்லை. வில்லிபுத்தூரில் ஞானதுரையின் கொட்டகை வாசலில் ஆளில்லாத இடத்திலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நீளமாக ஒன்று கேட்டது. நாலு வீடு தள்ளித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த சம்சாத் பேகத்தின் கை தானாகச் சோற்றை எடுத்து வாயில் வைத்தது. இறங்கியது. மறுபடி மூன்று சுரம், மறுபடி ஒரு வாய். பதினொரு வாய் சாப்பிட்டாள் என்று மெகராஜ் பேகம் எண்ணி, சாயங்கால பஸ்ஸில் ராஜபாளையத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை அவன் முப்பது தடவை ஊதினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மகிழ்ச்சியாக பஸ் ஏறி, வில்லிபுத்தூருக்குப் போய் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊதினான். சத்தம் ராஜபாளையம் கிட்டங்கியில் கேட்டது. வாட்ச்மேன் உள்ளே யாரோ இருக்கிறான் என்று பேலுக்குப் பேல் தடியால் தட்டிப் பார்த்தார். இங்கே சம்சாத் பேகம் வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் கட்ட உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சேலைத் தலைப்பில் துப்பினாள். "நீங்க போங்க மச்சான்" என்றாள். "வந்து செத்த நேரம்கூட ஆகலயே சம்சாத்" என்றான். "நீங்க இருந்தா சத்தம் இல்ல. சத்தம் இருந்தா நீங்க இல்ல. உசுரோட கெடந்து உங்களப் பாக்கணும்னா எனக்குச் சோறு எறங்கணும்ல. போயி ஊதுங்க." அவன் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய் ஊதினான்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மதியம் முப்பது, ராத்திரிச் சோற்றுக்கு முப்பது. வெள்ளிக்கிழமைகளில் மதியத்து முப்பதை ஊதி முடித்துவிட்டு பஸ் ஏறுவான். இரண்டு மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, உலை வைக்கும்முன் கிளம்பி ராஜபாளையம் வந்துவிடுவான். நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சோற்றுக்கு எழுந்து ஊதினான். ராஜபாளையத்தில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. வில்லிபுத்தூர்த் தெருவே எழுந்து உட்கார்ந்தது, அவர்களுக்கும் அது சஹர் நேரம்தான், திட்டவில்லை. காய்ச்சல் வந்தாலும் ஊதினான், உதடு வெடித்தாலும் ஊதினான். கிட்டங்கிக்குப் புதிதாக வருகிறவர்கள், ஒரு மனுசன் சோறு தின்னாமல் சத்தமில்லாத குழலைக் கன்னம் உப்ப ஊதுகிறதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பால்பாண்டி, "ஏலே, அவன் பொண்டாட்டிக்குச் சோறு ஊட்டுதான், ஒன் சோத்தப் பாத்து தின்னு" என்பான். புதியவன் இன்னும் கொஞ்சம் சிரிப்பான், பிறகு விசயம் தெரிந்து தன் சோற்றுக்குத் திரும்புவான். முந்நூற்று ஐம்பத்திரண்டு ரூபாயையும் சேர்த்துக் கிளாரினெட் பெட்டியில் வெல்வெட் துணிக்குக் கீழே வைத்திருந்தான். வருசா வருசம் இருவரிடமும் நீட்டினான். வருசா வருசம் பணம் வெல்வெட்டுக்கு அடியிலேயே திரும்பியது.

1983 ஆடி ஞாயிறன்று சம்சாத் பேகம் மூன்றடுக்குத் தூக்குச்சட்டியோடு ஆலடிக் கண்மாய்க்கு வந்தாள். கூட்டு வாசிப்பில் சத்தம் அவனிடமே இருக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். கருவேல மரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து வைத்தாள். கோட்டுகள் குவிந்தன. எழுபது எண்பது கருவிகள் ஒன்றாகக் கிளம்பிய இரைச்சலில் அவன் அவள் முன்னால் பனியனோடு நின்று அந்த மூன்று சுரத்தை ஊதினான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் எடுத்து வைத்தாள். இறங்கியது. அவன் கன்னத்தில் கண்ணீர் ஓட ஓட ஊதினான். முதலில் கவனித்தது பால்பாண்டிதான். நீளச் சுரம் முடிகிற இடத்தில் பெரிய டிரம்மில் ஒரு அடி வைத்தான். பக்கத்தில் நின்ற தளவாய்புரம் உருமிக்காரர் தனுஷ்கோடி அதைப் பிடித்து இழுத்தார். நையாண்டி நாதசுரம் மேல் சுரத்தில் ஏறி நின்றுகொண்டது. கொஞ்ச நேரத்தில் கண்மாய் முழுக்க அந்த மூன்று சுரத்தைத்தான் வாசித்தது, ஒவ்வொருத்தனும் தன் தன் வழியில் சுற்றிச் சுற்றி வந்து அதிலேயே விழுந்தான். ஆடிக்காற்று புழுதியைக் கிளப்பியது. அவள் ஒரு கையால் சோற்றை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இடையில் எழுந்து ஒரு வாயை அவனுக்கும் ஊட்டினாள். அவன் மெல்லுகிற அந்த நேரத்துக்குத் தனுஷ்கோடி சத்தத்தைக் கீழே விடாமல் உருமியில் தாங்கி வைத்திருந்தார்.

அவள் மெதுவாகச் சாப்பிடுகிறவள். அரை மணி நேரத்தில் முடிகிற கூட்டு வாசிப்பு அன்றைக்கு ஒரு மணி நேரம் போனது. யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. அவள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நிறுத்துவதற்கு ஒருத்தனுக்கும் கை வரவில்லை. அடுத்தடுத்த வருசங்களில் அவள் சோற்றோடு கருவாட்டுக் குழம்பு, முட்டை, மறுசோறு என்று கூட்டிக்கொண்டே போனாள், வாசிப்பும் நீண்டுகொண்டே போனது. 1986இல் ஒன்றரை மணி நேரம். 1991இல் மூன்று மணி நேரம், அன்றைக்குச் சேத்தூர் நாதசுரக்காரர் சின்னக்கருப்பனின் உதட்டில் ரத்தம் கசிந்தது, துடைத்துக்கொண்டு வாசித்தார். சோலைச்சாமி யூபோனியம், ஞானதுரை டிரம்பெட், இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். பனியன் நனைந்து முதுகில் ஒட்ட, அவள் தூக்குச்சட்டியை மூடுகிற வரைக்கும் அவர்களும் நிறுத்தியதில்லை. மூடியபின் அவள் கை கழுவிவிட்டு, எல்லாரையும் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டுவாள். அம்புட்டுதான். கோட்டை மாட்டிக்கொண்டு அவன் ஒரு பஸ்ஸிலும் அவள் ஒரு பஸ்ஸிலும் போவார்கள்.

கடனை விட்டுவிடச் சொல்லி இரண்டு முதலாளிகளிடமும் கேட்காத ஆள் இல்லை. விட்டால் சத்தம் அவனிடமே வந்துவிடும், அவன் வில்லிபுத்தூருக்கே போய் அவள் பக்கத்திலிருந்து ஊதலாம், இது அந்த இருவருக்கும் தெரியும். 1987 ஆடி ஞாயிறன்று தனுஷ்கோடி இருவரையும் ஒரே கயிற்றுக்கட்டிலில் உட்காரவைத்துப் பேசினார். "நான் விட்டுருதேன். மொதல்ல அவிய விடட்டும்" என்றார் சோலைச்சாமி. "எதுக்கு? என் மூச்ச நான் விட்டதும் இவிய அவன அமுக்கிக்கிடவா? மொதல்ல வெத்திலை குடுத்தவரு இவுஹதான, மொதல்ல இவுஹ வாங்கட்டும்" என்றார் ஞானதுரை. "நான் என்ன ஏமாளியா அண்ணாச்சி?" "அப்ப நான்தான் ஏமாளியா?" கட்டிலின் ஒரு பக்கம் ஒருவரும் மறுபக்கம் ஒருவரும் எழுந்து போனார்கள். அன்றைக்குச் சாயங்காலமும் இருவரும் ஒன்றே முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்து வாசித்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல வராத வாய், ஊதச் சொன்னால் ரத்தம் வர ஊதியது. ஆட்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

1995 மாசியில், கிட்டங்கியில் அடுக்கு சரிந்து ஒரு பேல் மைதீன் பிச்சையின் மேல் விழுந்தது. மூன்று விலா எலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வில்லிபுத்தூரில் அன்று மதியம் சத்தம் வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. சம்சாத் பேகம் தட்டை மூடி வைத்தாள். இந்தத் தடவை கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஞானதுரை தன் செட்டில் இருந்த கிளாரினெட்டுக்காரனை அழைத்துவந்து அவள் வீட்டு வாசலில் அந்த மூன்று சுரத்தையே ஊதவைத்துப் பார்த்தார். அவள் முயன்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஊதுதாரு. அவிய மூச்சு இல்லயே" என்றாள். மூன்றாம் நாள் செய்தி தெரிந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் உட்கார்ந்தபடியே சாய்ந்தாள். அதே ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் படுக்கவைத்துக் கையில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். பாட்டில் தண்ணீர் நரம்புக்குள் போனது. வயிறு காலியாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் அவனுக்கு நினைவு வந்தது. அதிர்ச்சியான எதையும் சொல்லக்கூடாது என்று டாக்டர் பால்பாண்டியிடம் சொல்லியிருந்தார். அவன் கேட்ட முதல் கேள்வி மணி என்ன என்பது. "பன்னெண்டரை" என்றான் பால்பாண்டி. "கிளாரினெட்ட எடு. அவ தட்டுக்கு முன்னால உக்காந்திருப்பாளே." பால்பாண்டி பெட்டியைத் திறந்து கையில் கொடுத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. முறிந்த விலாவோடு படுத்தபடியே மைதீன் பிச்சை முப்பது தடவை ஊதினான். சத்தம் வராததால் நர்சு தடுக்கவில்லை. இரண்டு வார்டுக்கும் நடுவே ஒரு ஒற்றைச் செங்கல் சுவர்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஏழு மைல் தள்ளி வில்லிபுத்தூரில், பூட்டிக் கிடந்த அவள் வீட்டுக்கு நாலு வீடு முன்னால், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நீளமாக ஒன்று கேட்டது. தெருவே வெளியே வந்து நின்றது. ஞானதுரை செருப்புக்கூடப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினார். அவர் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு ஆகியிருந்தது, அவள் இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிப் படியில் சோலைச்சாமி உட்கார்ந்திருந்தார். ஞானதுரை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டும் வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

வில்லிபுத்தூரில் அடக்கம் செய்தார்கள். சந்தூக்குக்குத் தோள் கொடுக்க விலா எலும்பு விடவில்லை, மைதீன் பிச்சை பின்னால் நடந்து போனான். நாற்பது நாள் கழித்துக் கிட்டங்கிக்குத் திரும்பினான். பேல் சுமக்க ஆகாது என்று எடைத் தராசில் நிறுத்தினார்கள். சோற்று மணி அடித்தால் பெட்டியைத் திறக்க மாட்டான், தூக்குச்சட்டியையும் திறக்க மாட்டான். டீ குடிப்பான், பன்னை நனைத்து உறிஞ்சுவான். "ஏலே மைதீனு, ஒரு வாய் தின்னுலே" என்று பால்பாண்டி கெஞ்சுவான். "எறங்கலலே" என்பான். ஆனி முடிவதற்குள் தராசின் எடைக்கல்லைத் தூக்கக் கூட இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

ஆடி முதல் ஞாயிறன்று பால்பாண்டி அவனைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கண்மாய்க்குக் கொண்டுவந்தான். பால்பாண்டியின் மனைவி கருத்தம்மா ஒரு தூக்குச்சட்டி கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த வருசம் செட்டு வாசிப்பு பாதியிலேயே நின்றது. சோலைச்சாமி தெற்கேயிருந்து வந்தார், ஞானதுரை வடக்கேயிருந்து வந்தார், இருவரும் கோட்டைக் கழற்றியிருந்தார்கள். அவன் முன்னால் நின்று உள்ளங்கையை விரித்தார்கள். அவன் பெட்டியைத் திறந்து வெல்வெட்டுக்கு அடியிலிருந்த பணத்தை எடுத்தான். பதின்மூன்று வருசத்தில் நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அவர்கள் அதைப் பார்க்கவில்லை. தனுஷ்கோடி தன் மடியிலிருந்து இரண்டு வெற்றிலை எடுத்துக் கொடுத்தார். மைதீன் பிச்சை வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று வைத்து, இரண்டு உள்ளங்கையிலும் ஒரே நேரத்தில் வைத்தான். "தீந்தது" என்று இருவரும் சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று பக்கத்தில் நின்ற நாற்பது பேருக்கும் தெரியவில்லை. முந்நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்க்கு எல்லாச் செட்டுக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். எட்டு ரூபாய் மிஞ்சியது, அதைக் கொம்புக்காரர்களின் பஸ் செலவுக்குக் கொடுத்தார்கள்.

ஊதிப் பார் என்றார்கள். அவன் பனியனும் கோட்டும் இல்லாமல் வெறும் சட்டையோடு நின்று ஒரு சுரம் ஊதினான். அவன் நின்ற இடத்திலேயே கேட்டது. தலையை ஆட்டிவிட்டு, குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினான். பிறகு கருவேல மரத்தடிக்குப் போய் அவள் உட்காரும் கல்லில் உட்கார்ந்தான். பால்பாண்டி தூக்குச்சட்டியைத் திறந்து அவன் மடிக்கு முன்னால் வைத்துவிட்டு விலகி நின்றான். மற்றவர்கள் கோட்டைக் கழற்றிக் குவித்துவிட்டு, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் எடுக்காமல் நின்றார்கள். அவன் ஒரு வாய் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.

வடக்கேயிருந்து, அவளை அடக்கம் செய்த வில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து, கிளாரினெட் சத்தம் வந்தது. காற்று மேற்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நீளமாக ஒன்று. குழலைக் கையில் பிடித்தே பழகாத ஆள் ஊதுகிற மாதிரி, பாதியில் உடைந்து, திரும்ப எடுத்து ஊதியது. அவன் வாயைத் திறந்து சோற்றை வைத்தான். இறங்கியது. அடுத்த மூன்று சுரம் வந்தது. அடுத்த வாய் வைத்தான். பால்பாண்டி பெரிய டிரம்மில் ஓசை அதிகம் எழாமல் ஒரு அடி வைத்தான், தனுஷ்கோடி உருமியை எடுத்தார்.

ஞானதுரை டிரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோகும்முன் காதைச் சாய்த்துச் செத்த நேரம் கேட்டார். "ரெண்டாவது சுரத்துக்கு மூச்சுப் பத்தல" என்றார்.

"புதுசுல்லா" என்றார் சோலைச்சாமி. "பழகிரும்."